வெயில் 35, உடம்புக்கு 45: புழுக்கத்தைப் புரிந்துகொண்டு சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

வேலூரில் 40 டிகிரி, சென்னையில் 35 டிகிரி என்று செய்தியில் சொன்னதும், கடலோரத்தில் இருப்பவர்கள் தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் உடம்பு போடும் கணக்கு வேறு. காற்றில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால் 40 டிகிரி வெயில் உடம்புக்கு ஏறக்குறைய 40 போலத்தான் தெரியும். ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும் இடத்தில் 35 டிகிரியே 45 போலத் தெரியும். அதாவது கடலோரத்துக்காரருக்குத்தான் அன்று அதிகக் கஷ்டம்.

இன்னொரு விஷயமும் உண்டு. உலர் வெயிலுக்குச் சரியாக வேலை செய்யும் பல உபாயங்கள் புழுக்கத்தில் பலிக்காது. ஏர் கூலர் அதில் முதலாவது. அதனால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், உடம்பு எப்படிக் குளிர்கிறது

சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நம் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. சித்தாள் வேலை, மூட்டை தூக்குவது போன்ற உழைப்பில் இது 400 வாட்டைத் தாண்டும். இந்த வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். வெயில் காலத்தில் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளிக்காற்றும் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால், காற்றுக்கு வெப்பத்தைக் கடத்தும் வழி அடைபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது வியர்வை மட்டும்தான்.

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். பிரமாதமான ஏற்பாடு. ஆனால் அது ஆவியானால்தான் பலன். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையும், சட்டையைத் தொப்பலாக நனைக்கும் வியர்வையும் பெரும்பாலும் வீண். தண்ணீரும் உப்பும் போயிருக்கும், குளிர்ச்சி கிடைத்திருக்காது.

தோலில் இருக்கும் ஈரத்தைக் காற்று எவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளும் என்பது, காற்றில் ஏற்கெனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீராவி அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால், மேலே சொன்ன 40 டிகிரி உலர் காற்றோடு ஒப்பிடும்போது, 35 டிகிரி ஈரக்காற்று வியர்வையை இழுக்கும் திறன் கிட்டத்தட்ட பாதிதான். கடலோரப் புழுக்கத்தின் மொத்தக் கதையும் இந்தப் பாதியில் இருக்கிறது.

படி 1: சரியான எண்ணைப் பாருங்கள்

வானிலை ஆப்பில் ஈரப்பதம் என்று ஒரு சதவீதம் வரும். அதை நேரடியாக நம்ப வேண்டாம். காற்றில் அதே அளவு நீராவி இருந்தாலும், காற்று சூடாகச் சூடாகச் சதவீதம் குறையும். விடிகாலையில் 28 டிகிரியில் 90 சதவீதம் காட்டும் காற்று, அதே நீராவியோடு மதியம் 35 டிகிரி ஆகும்போது 60 சதவீதம்தான் காட்டும். காலைச் சதவீதத்தையும் மதிய வெப்பத்தையும் ஒன்றாகப் போட்டு, ‘இன்று 35 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்களே, அது நம் ஊரில் நடக்கிற காரியம் இல்லை.

அதற்குப் பதில் டியூ பாயின்ட் என்ற எண்ணைத் தேடுங்கள். தமிழில் பனிப்புள்ளி. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்குமோ, அதுதான் இது. காற்றில் உள்ள நீரின் அளவு மாறாதவரை இந்த எண்ணும் மாறாது. வெப்பம் ஏறுவதாலோ இறங்குவதாலோ மட்டும் அது ஏமாற்றாது. நம் ஊர்க்காரருக்கு 20-க்குக் கீழே இருந்தால் சுகம். 24-ல் கசகசப்பு தொடங்கும். 26-ஐத் தாண்டினால் ஃபேனுக்குக் கீழேயே வியர்க்கும். உலகில் பதிவானவற்றில் மிக மோசமானது சவுதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பதிவான 35. நம் வங்கக் கடலோரத்தில் மே, ஜூன் மாதங்களில் 25, 26, 27 என்பது சாதாரணம். கடல்நீரே 30 டிகிரியை ஒட்டி இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்?

வெப்பமும் ஈரமும் சேர்ந்து உடம்புக்கு எப்படித் தெரியும் என்பதை ஒரே எண்ணாகச் சொல்வதுதான் வெப்பக் குறியீடு. ஆப்களில் ‘ஃபீல்ஸ் லைக்’ என்று வருவது பெரும்பாலும் இதையோ இதன் உறவுக்காரரையோதான். ராபர்ட் ஸ்டெட்மேன் 1979-ல் செய்த கணக்கிலிருந்து வந்த முறை இது. சில உதாரணங்கள்:

- 30 டிகிரி, 80 சதவீதம்: சுமார் 38 போல
- 32 டிகிரி, 70 சதவீதம்: சுமார் 41 போல
- 35 டிகிரி, 60 சதவீதம்: சுமார் 45 போல

இந்தக் கணக்கு நிழலில், லேசான காற்றில் இருப்பவருக்கானது. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க வானிலைத் துறை 39-ஐத் தாண்டினாலே ‘ஆபத்து’ என்று எழுதிவிடும். அப்படிப் பார்த்தால் நாம் ஆண்டில் பாதி நாள் ஆபத்தில்தான் இருக்கிறோம். இந்திய வானிலை ஆய்வு மையம் 2023-ல் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கிய வெப்பக் குறியீட்டு வரைபடத்தில் 36 முதல் 45 வரை மஞ்சள், 46 முதல் 55 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. என் பார்வையில் 45 ஒரு நல்ல எல்லைக்கோடு. அதைத் தாண்டும் மதியத்தில், கட்டாயம் இல்லாத வெளிவேலை எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

‘வெப்ப அலை’ அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். கடலோரத்துக்கு அந்த அறிவிப்பு வர வேண்டுமானால் 37 டிகிரியும் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். சென்னையில் மே மாத வழக்கமே 37-ஐ ஒட்டித்தான். அதனால் 37 டிகிரியும் பிசுபிசுக்கும் ஈரமும் சேர்ந்த ஒரு நாள், கணக்குப்படி ‘வெப்ப அலை இல்லாத நாள்’ ஆகிவிடும்.

படி 2: வீட்டுக்குள் அளந்து பாருங்கள்

ஆப் சொல்வது சென்னையின் வானிலை நிலையங்கள் இருக்கும் நுங்கம்பாக்கத்தையோ மீனம்பாக்கத்தையோ பற்றி. உங்கள் தகரக் கூரை அறையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வயதானவர் படுக்கும் அறையில் ஒன்றை வையுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலையை அளந்து பார்க்கலாம். சாதாரணக் கண்ணாடி வெப்பமானியின் குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி ஃபேன் காற்றில் சில நிமிடங்கள் வைத்தால், எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். ஆவியாதல் மூலம் அந்தக் காற்றில் எட்ட முடிகிற அதிகபட்சக் குளிர்ச்சி அதுதான். 40 டிகிரி, 20 சதவீதக் காற்றில் இது சுமார் 23. 35 டிகிரி, 60 சதவீதக் காற்றில் 28-ஐத் தாண்டும். இந்த எண் 35-ஐத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவரே சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ல் ஒரு கணக்கு வந்தது. பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, 31-ஐ ஒட்டியே அவர்களுடைய உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. 28-க்கும் 31-க்கும் இடையே பெரிய தூரம் இல்லை.

படி 3: நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சென்னை வெயிலின் போக்கைத் தீர்மானிப்பது கடற்காற்று. காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும். அது உலர்ந்தது, வெப்பம் சரசரவென்று ஏறும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்தால் ஏற்றம் நின்றுவிடும். மேற்குக் காற்று வலுவாக இருந்து கடற்காற்று வரத் தாமதமானால் 40-ஐத் தாண்டும். 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

கடற்காற்று வந்ததும் வெப்பமானி சில டிகிரி இறங்கும். ஆனால் ஈரம் கூடும். உடம்புக்குத் தெரியும் சூடு பல நாட்களில் அவ்வளவாக இறங்குவதில்லை. காற்று அசைகிற இடத்தில், அதாவது மொட்டை மாடி நிழலிலோ கடற்கரைப் பக்கத்திலோ இருந்தால் அதன் பலன் கிடைக்கும். நான்கு பக்கமும் அடைத்த சந்து வீட்டுக்கு ஈரம் மட்டும்தான் வந்து சேரும்.

அதனால் கடுமையான வேலையைக் காலை 10 மணிக்குள் முடிப்பது நல்லது. நடைப்பயிற்சிக்குக் காலையா மாலையா என்றால் காலை. சதவீதம் அதிகமாகத் தெரிந்தாலும் வெயிலும் சூடேறிய சுவரும் அப்போது இல்லை. முந்தைய நாள் கோடை மழை பெய்திருந்தால் கவனமாக இருங்கள். மறுநாள் வெயில் அடிக்கும்போது, வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி குறைந்திருந்தாலும் தரையிலிருந்து எழும் ஈரம் அதை ஈடுகட்டிவிடும்.

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியைப் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்தார்கள். அது மே மாதமும் இல்லை, 40 டிகிரி வெயிலும் இல்லை. கடலோர ஈரம், மறைவில்லாத மணல்வெளி, காற்றே புகாத கூட்டம், நகர முடியாத நிலைமை. கூட்டத்துக்கு நடுவில் பக்கத்தில் இருப்பவரின் வியர்வையும் மூச்சும் சேர்ந்து அந்த இடத்து ஈரத்தை இன்னும் கூட்டும். அந்த மாதத்திலேயே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. திருவிழா, பொதுக்கூட்டம் என்று எங்கே போனாலும், வெளியே வர ஒரு வழி இருக்கும் ஓரத்தில் நில்லுங்கள்.

படி 4: வீட்டைத் தயார்செய்யுங்கள்

ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. நல்ல கூலர் ஒன்று 40 டிகிரி உலர் காற்றை 26-ஐ ஒட்டிக் கொண்டுவந்துவிடும். அதே கூலர் 35 டிகிரி கடலோரக் காற்றை 30-க்கு இறக்கும். கூடவே அறையின் ஈரத்தை 90 சதவீதத்துக்கு ஏற்றிவிடும். ஜன்னலையும் சாத்திவிட்டால் அறை இட்லிக் குண்டான்தான். வேலூரிலும் திருத்தணியிலும் வாங்கலாம். சென்னையில் அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

ஃபேன் அப்படியில்லை. புழுக்கத்தில் அதன் மதிப்பு அதிகம். தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அகற்றி வியர்வைக்கு வழி விடுகிறது. அறை வெப்பம் 40-ஐத் தாண்டினால் ஃபேன் சூட்டையே வாரி இறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வயதானவர்களுக்கு வியர்வை குறைவு என்பதால் 38-லேயே உஷாராகிவிடுவது நல்லது. வியர்வைக்குப் பதில் நாமே ஈரம் கொடுக்கலாம்: கை, முகம், கழுத்தைத் தண்ணீரால் நனைத்துவிட்டு ஃபேன் கீழே உட்காருங்கள். அறையில் ஈரத்துணி தொங்கவிடுவதைவிட உடம்பை நனைப்பதுதான் பலன் தரும்.

ஏசி இருந்தால் அதன் பெரிய உதவி ஈரத்தை எடுத்துவிடுவது. 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் போதும். சின்ன அறைக்குப் பெரிய ஏசி வாங்க வேண்டாம். அது சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும்.

வீட்டுக்குள் ஈரத்தை உண்டாக்குவது யார் என்றும் பாருங்கள். சோறு வடிக்கும் ஆவி, குக்கர் விசில், அறைக்குள் காயும் துணி. சமையலறையில் நிற்பவர்தான் வீட்டிலேயே அதிகம் அவதிப்படுகிறார். அங்கே ஃபேன் போட்டால் அடுப்பு அணைகிறது என்று போடுவதுமில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் வேண்டும். மதியச் சமையலை 9 மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம்.

மாடித் தொட்டியின் தண்ணீர் மாலை 4 மணிக்குக் கொதிக்கிற மாதிரி வரும். குளிப்பதற்குக் காலையிலேயே இரண்டு வாளி பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். அந்த வாளிக்கு இன்னொரு முக்கியமான உபயோகமும் இருக்கிறது. படி 7-ல் வருகிறது.

படி 5: தண்ணீரும் உப்பும்

வெளியில் உழைப்பவருக்கு 15, 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்பது நல்ல அளவு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அதுவும் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். வீட்டிலிருப்பவர் தாகத்துக்கும், சிறுநீரின் நிறத்துக்கும் தக்கபடி குடித்தால் போதும். அடர் மஞ்சள் என்றால் போதவில்லை என்று அர்த்தம்.

புழுக்கத்தில் வியர்வை வீணாகச் சொட்டுவதால் உப்பும் கூடவே போகிறது. உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், இவற்றுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் வேண்டாம். நிறைய வியர்த்தவருக்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. ஓஆர்எஸ் என்று பெயர் போட்டுச் சர்க்கரைப் பானத்தை டப்பாவில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துக்கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலாவா என்று கேளுங்கள்.

இளநீர் எல்லோருக்கும் நல்லது என்பதில்லை. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்தாக முடியலாம். பானகம் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஐஸ் தண்ணீர் குடித்தால் ரத்தக்குழாய் வெடிக்கும் என்ற ஃபார்வர்டை மட்டும் அழித்துவிடலாம்.

படி 6: வேலைக்குப் போகிறவர்களுக்கு

வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும். வியர்வையில் உப்பு குறையும். புதிதாக வந்தவரோ, லீவு முடிந்து திரும்பியவரோ முதல் நாளே முழு வேலை செய்வதுதான் உயிருக்கு உலை வைப்பது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுவது என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை. நம் மேஸ்திரிகளுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

ஆனால் புழுக்கத்தில் இந்தப் பழக்கத்தின் பலன் ஓரளவுதான். எவ்வளவு வியர்த்தாலும் ஆவியாகாவிட்டால் என்ன பயன்? அங்கே ஓய்வுதான் மருந்து: வெப்பம் உண்டாவதையே குறைப்பது. மணிக்கு ஒருமுறை நிழலில், காற்று வரும் இடத்தில், 10, 15 நிமிடம். ராணுவமும் ஆலைகளும் இதற்கு ஈரக்குமிழ், வெயில், காற்று வெப்பம் மூன்றையும் சேர்த்த ஓர் அளவை வைத்திருக்கின்றன. 1950-களில் அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாமில் வெப்பத்தால் நேர்ந்த இழப்புகளைப் பார்த்து உருவாக்கியது அது. அந்தக் கணக்கில் ஈரக்குமிழுக்கு மட்டும் 70 சதவீத எடை.

சென்னைப் போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள், ஒதுங்க இடமில்லாததால். கழிப்பறை கட்டாமல் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டுவதில் என்ன பிரயோஜனம்?

உடையைப் பொறுத்தவரை தளர்வான பருத்தி. பாலியெஸ்டர் யூனிஃபார்ம் போடச் சொல்பவர் ஏசி அறையில் இருப்பார். வியர்க்குரு வந்த இடத்தில் வியர்வைத் துவாரங்கள் அடைபட்டிருக்கும். அதன்மேல் பவுடரை அப்பாமல், குளிர்ந்த நீரில் கழுவிக் காற்றாட விடுங்கள்.

தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரை மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை விசாரியுங்கள். நீர் பிரிய மாத்திரை, சில மனநல மருந்துகள், இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்தப் பட்டியலில் சேர்த்தி. இரவு முக்கியம்: ஈரக்காற்று இரவில் சூட்டை விடாது, 30 டிகிரிக்கு இறங்காத ராத்திரிகளில் உடம்புக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

படி 7: யாராவது விழுந்துவிட்டால்

கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி, குமட்டல், அதிக வியர்வை, களைப்பு: இது வெப்பக் களைப்பு. நிழல், நனைத்த உடம்பு, ஃபேன், உப்புச் சேர்ந்த நீர். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மருத்துவமனை.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், வலிப்பு, மயக்கம்: இது வெப்பத் தாக்கு. உள்வெப்பம் 40-ஐத் தாண்டியிருக்கும். வியர்வை நின்று தோல் உலர்ந்திருக்கும் என்று படித்திருப்பீர்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுபவர் பலருக்கு உடம்பெல்லாம் வியர்வையாகவே இருக்கும். பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கைகட்டி நிற்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். முதல் அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

புழுக்கத்தில் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு விசிறுவது மட்டும் போதாது, ஆவியாவது குறைவு. நிறையக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். மேல் உடைகளைக் கழற்றி, நிழலில் வைத்த வாளித் தண்ணீரைத் தலை முதல் கால் வரை விடாமல் ஊற்றுங்கள். மாடித் தொட்டிக் குழாய் வேண்டாம். சம்ப், போர், கேன் தண்ணீர் எதுவானாலும் சரி. பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் கிடைக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் தார்ப்பாய் இருக்கும்: அதில் அவரைப் படுக்கவைத்து, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸுமாகக் கொட்டி மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள், தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். ஐஸ் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றுவதைத் தொடருங்கள்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரைக்கு இதில் வேலை கிடையாது. தெளிந்துவிட்டார், வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிடவும் கூடாது. சிறுநீரகமும் கல்லீரலும் மறுநாள்கூடத் தொந்தரவு கொடுக்கலாம் என்பதால் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை அவசியம். வீடு திரும்பிய பிறகும் குறைந்தது ஒரு வாரம் உடலுழைப்பு கூடாது. அதன்பின் மருத்துவர் சொன்ன பிறகே, புதிய ஆள் போல முதல் நாள் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று வேலைக்குத் திரும்ப வேண்டும்.